மருந்துக்கு அடங்காத மடிநோய்: கட்டுப்படுத்தப் புதிய வழிகள்

சிறு விவசாயியின் வீட்டில் கறவை மாடு என்பது அன்றாடச் செலவுக்குக் கை கொடுக்கும் செல்வமாகும். நெல் விளைந்து வீடு வந்து சேர நான்கு மாதங்கள் ஆகும். பால் பணமோ சில நாட்களுக்கு ஒரு முறை தவறாமல் வந்துவிடும். அந்த வருமானத்தை ஒரே இரவில் நிறுத்திவிடக் கூடியது மடிவீக்க நோய். மாலையில் அமைதியாக நின்று கறந்த மாடு, மறுநாள் காலையில் காம்பைத் தொட விடாமல் உதைக்கிறது. மடியின் ஒரு பக்கம் வீங்கிச் சூடாக இருக்கிறது. பால் திரிதிரியாக வருகிறது. அல்லது மோர்த் தெளிவு போல நீர்த்து வருகிறது.

முன்பெல்லாம் இத்தகைய மாட்டுக்குக் காம்பு வழியாக மருந்து ஏற்றி, ஊசியும் போட்டால் மூன்று நாட்களில் குணம் தெரியும். இன்று பல இடங்களில் மருந்தை மாற்றி மாற்றிப் போட்டும் வீக்கம் வற்றுவதில்லை. வற்றினாலும் சில வாரங்களில் அதே காம்பில் மீண்டும் தலைகாட்டுகிறது. கடைசியில் அந்தக் காம்பு அடைபட்டுப் போகிறது. நல்ல கறவை மாடு அடிமாட்டு விலைக்குச் சந்தைக்குப் போகிறது.

'மருந்து போலி' என்றும், 'ஊசி போட்டவருக்குக் கைராசி இல்லை' என்றும் இதற்குக் காரணம் சொல்பவர்கள் உண்டு. பெரும்பாலும் உண்மைக் காரணம் வேறு. நோயை உண்டாக்கும் பாக்டீரியாக்கள் அந்த மருந்தைத் தாங்கி நிற்கும் திறனைப் பெற்றுவிட்டன என்பதே அது. இந்தச் சிக்கலைச் சமாளிக்க இன்று பல புதிய வழிகள் ஆராயப்படுகின்றன. அவற்றுள் சில இன்னும் ஆய்வுக்கூடத்தில்தான் உள்ளன. சில வழிகளோ விவசாயி தம் தொழுவத்திலேயே இன்றே கையாளக் கூடியவை. எது எந்த நிலையில் உள்ளது என்று தெரிந்துகொண்டால் வீண் செலவையும் ஏமாற்றத்தையும் தவிர்க்கலாம்.

மருந்து ஏன் பலிப்பதில்லை?

பருத்தி விவசாயிகளுக்கு இது புதிய செய்தியன்று. 1987-ஆம் ஆண்டில் ஆந்திரத்தின் குண்டூர்ப் பகுதியில் பருத்திக் காய்ப்புழு பெருவாரியாகத் தாக்கியது. செயற்கைப் பைரித்திராய்டு மருந்துகளை மீண்டும் மீண்டும் தெளித்தும் புழு சாகவில்லை. முதல் தெளிப்பில் தப்பிய சில புழுக்களின் சந்ததியே பெருகி, வயலை நிறைத்துவிட்டதுதான் காரணம். மடியில் நடப்பதும் இதுவே. வேகம்தான் அதிகம்.

காய்ப்புழுவின் ஒரு தலைமுறைக்கு ஒரு மாத அளவு தேவைப்படுகிறது. பாக்டீரியாவுக்கு ஏற்ற சூடும் உணவும் கிடைத்தால் இருபது நிமிடங்களில் ஒன்று இரண்டாகிவிடும். இந்தக் கணக்கில் ஒரே ஒரு பாக்டீரியா ஏழு மணி நேரத்தில் இருபது லட்சத்தைத் தாண்டிவிடும். இத்தனை கோடிகளில் ஒன்றிரண்டு மருந்தைத் தாங்கும் தன்மையோடு தோன்றுவது இயல்பு. மருந்து போடும்போது மற்றவை மடிகின்றன. தாங்கும் தன்மை பெற்றவை எஞ்சி நின்று பெருகுகின்றன. அளவு குறைத்துப் போட்டாலும், வேண்டாத இடத்தில் போட்டாலும் இந்த வேலை இன்னும் சுலபமாகிறது.

பாக்டீரியாக்களைக் கொல்லும் இவ்வகை மருந்துகளை நுண்ணுயிர்க்கொல்லிகள் என்கிறோம். 'ஆன்டிபயாடிக்' என்று மருந்துக் கடையில் சொல்வது இவற்றைத்தான். இவற்றுள் முதன்மையான பென்சிலினை 1928-ல் லண்டனில் கண்டறிந்தவர் அலெக்சாண்டர் ஃபிளெமிங். 1945-ல் நோபல் பரிசு பெற்று ஆற்றிய உரையிலேயே, பென்சிலினைக் குறைந்த அளவில் பயன்படுத்தினால் கிருமிகள் அதைத் தாங்கப் பழகிவிடும் என்று அவர் எச்சரித்தார்.

பாக்டீரியாக்களிடம் மற்றொரு தந்திரமும் உண்டு. மருந்தைத் தாங்கும் திறனை ஒரு பாக்டீரியா தன் சந்ததிக்கு மட்டுமின்றிப் பக்கத்தில் இருக்கும் வேறு வகைப் பாக்டீரியாவுக்கும் கொடுத்துவிடும். 1950-களின் இறுதியில் ஜப்பான் நாட்டு அறிவியலார் சீதபேதிக் கிருமிகளில் இதைக் கண்டனர். ஒரே நேரத்தில் பல மருந்துகளைத் தாங்கும் திறன், ஒரு கிருமியிடமிருந்து மற்றொன்றுக்குக் கைமாறியது. ஒரு வீட்டின் பூட்டைத் திறக்கக் கற்றவன், சாவியைப் பல பிரதிகள் செய்து ஊரெல்லாம் கொடுப்பது போன்றது இது.

மடியில் மருந்து எட்டாத மறைவிடம்

மடியில் நான்கு அறைகள் உள்ளன. ஒவ்வோர் அறைக்கும் ஒரு காம்பு. ஓர் அறையின் பால் அடுத்த அறைக்குப் போவதில்லை. எனவே ஒரு காம்பில் நோய் இருந்து, மற்ற மூன்றும் நன்றாக இருப்பது உண்டு. மடிநோயைப் பல வகைப் பாக்டீரியாக்கள் உண்டாக்குகின்றன. ஸ்டெஃபைலோகாக்கஸ், ஸ்ட்ரெப்டோகாக்கஸ், ஈ.கோலை ஆகியவை அவற்றுள் முக்கியமானவை.

இவற்றுள் மிகவும் தொல்லை தருவது ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ். இது மடியின் திசுக்களுக்குள் புகுந்து, உயிரணுக்களின் உள்ளேயே ஒளிந்துகொள்கிறது. பாசி படிவது போல வழவழப்பான படலத்தைத் தன்னைச் சுற்றி உண்டாக்கி, மருந்து உள்ளே நுழையாதபடி தடுக்கிறது. பென்சிலினைச் சிதைக்கும் நொதியையும் இதில் பல வகைகள் சுரக்கின்றன. நாட்பட்ட மடிநோய் வெளிப்பார்வைக்குக் குணமானது போலத் தோன்றி மீண்டும் மீண்டும் வருவதற்கு இந்தக் கிருமியே பெரும்பாலும் காரணம்.

மனிதருக்கும் மாட்டுக்கும் பொது மருந்து

மாட்டுக்குப் போடும் பென்சிலின், டெட்ராசைக்ளின், செஃபலோஸ்போரின் வகை மருந்துகள் மனிதருக்கும் போடும் மருந்துகளின் குடும்பத்தைச் சேர்ந்தவையே. தொழுவத்தில் அவை பயனற்றுப் போனால், வீட்டில் குழந்தைக்கு நிமோனியா வரும்போதும், பிரசவித்த தாய்க்குப் புண் சீழ் பிடிக்கும்போதும் பயன்படாமல் போகக்கூடும். மருந்துக்கு அடங்காத பாக்டீரியாத் தொற்றுகளே நேரடிக் காரணமாக 2019-ஆம் ஆண்டில் மட்டும் உலகில் சுமார் 12 லட்சத்து 70 ஆயிரம் பேர் இறந்ததாக, 2022-ல் வெளியான பன்னாட்டு ஆய்வு கணக்கிட்டுள்ளது.

மெதிசிலின் என்ற மருந்துக்கு அடங்காத ஸ்டெஃபைலோகாக்கஸ், மடிநோய் கண்ட பசுக்களின் பாலில் இருந்ததை 1972-லேயே பெல்ஜியம் நாட்டில் கண்டறிந்தனர். 2011-ல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக அறிவியலார், அதே போன்ற புதிய வகை ஒன்றைப் பசும்பாலிலும் நோயாளிகளிடமும் கண்டனர். பாலை நன்றாகக் காய்ச்சினால் இந்தக் கிருமிகள் இறந்துவிடும். ஆனால் கறப்பவரின் கை, மாட்டின் தோல், தொழுவத்துத் தரை ஆகியவற்றின் வழியே பரவுவதைக் காய்ச்சித் தடுக்க முடியாது.

கோலிஸ்டின் என்பது மனித மருத்துவத்தில் மற்ற மருந்துகள் கைவிட்ட நிலையில் கடைசியாகப் பயன்படுத்தும் மருந்து. கோழிகளும் பன்றிகளும் வேகமாக வளர்வதற்காக அதைத் தீவனத்தில் கலக்கும் வழக்கம் பல நாடுகளில் இருந்தது. 2015-ல் சீன நாட்டில் பன்றிகளிடமும், இறைச்சியிலும், நோயாளிகளிடமும் கோலிஸ்டினைத் தாங்கும் மரபணு காணப்பட்டது. இது ஒரு பாக்டீரியாவிடமிருந்து மற்றொன்றுக்குக் கைமாறக் கூடியது. சீனா 2017-ல் தீவனத்தில் கோலிஸ்டின் கலப்பதை நிறுத்தியது. இந்திய அரசு 2019 ஜூலையில் உணவுக்காக வளர்க்கும் கால்நடை, கோழி, மீன் ஆகியவற்றுக்கும் தீவனத்துக்கும் கோலிஸ்டினைத் தடை செய்தது. விவசாயிகள் தீவனம் வாங்கும்போது நுண்ணுயிர்க்கொல்லி கலந்த தீவனத்தை ஒதுக்கிவிட வேண்டும்.

பாக்டீரியாவைத் தின்னும் வைரஸ்

புதிய வழிகளில் அதிகம் பேசப்படுவது 'ஃபேஜ்' என்னும் நுண்ணிய வைரஸ்களைக் கொண்டு பாக்டீரியாவை அழிப்பது. பயிர்ப் பூச்சிகளை ஒட்டுண்ணி விட்டுக் கட்டுப்படுத்துவது போன்றது இம்முறை. ஃபேஜ் ஒன்று பாக்டீரியாவின் மேல் ஒட்டித் தன் மரபுப் பொருளை உள்ளே செலுத்துகிறது. உள்ளே நூற்றுக்கணக்கில் பெருகி, பாக்டீரியாவை வெடிக்கச் செய்து வெளியேறி, அடுத்த பாக்டீரியாவைத் தேடுகிறது. மனிதரின் உயிரணுவையோ மாட்டின் உயிரணுவையோ அது தாக்குவதில்லை.

இந்த வரலாற்றில் நம் நாட்டுக்கும் பங்கு உண்டு. ஆக்ராவில் பணியாற்றிய எர்னஸ்ட் ஹான்கின் என்னும் அறிவியலார், கங்கை, யமுனை நீரில் காலராக் கிருமியைக் கொல்லும் ஏதோ ஒரு பொருள் இருப்பதாக 1896-ல் எழுதினார். 1915-ல் இங்கிலாந்தில் ஃபிரெடெரிக் ட்வார்ட்டும், 1917-ல் பாரிசில் ஃபெலிக்ஸ் தெரெல்லும் தனித்தனியே ஃபேஜைக் கண்டறிந்தனர். பென்சிலின் வந்த பின் மேலை நாடுகள் ஃபேஜை மறந்தன. 1923-ல் ஜார்ஜியா நாட்டின் திபிலீசி நகரில் தொடங்கிய ஆய்வு நிலையம் அதை விடாமல் காத்து வந்தது.

மருந்துகள் தோற்கத் தொடங்கியதும் உலகின் பார்வை மீண்டும் ஃபேஜ் பக்கம் திரும்பியது. அமெரிக்காவில் டாம் பேட்டர்சன் என்னும் பேராசிரியர், எகிப்துப் பயணத்தில் நோயுற்று, எந்த மருந்துக்கும் அடங்காத ஆசினெடோபாக்டர் பாக்டீரியாவால் உயிருக்குப் போராடினார். 2016-ல் சான் டியேகோ நகர மருத்துவர்கள் அவருக்கு ஃபேஜ்களைச் செலுத்தினர். நினைவிழந்து கிடந்தவர் பிழைத்து எழுந்தார். அதன் பின் பல நாடுகளில் இம்முறை தீவிரமாக ஆராயப்படுகிறது.

ஆனால் மடிநோயில் இதன் பலன் இன்னும் கைகூடவில்லை. கனடா நாட்டில் நடந்து 2006-ல் வெளியான ஆய்வில், ஸ்டெஃபைலோகாக்கஸ் தாக்கிய 18 மடி அறைகளுக்கு ஃபேஜைச் செலுத்தினர். மூன்று அறைகள் மட்டுமே குணமாயின. பாலில் உள்ள புரதங்கள் பாக்டீரியாவின் மேல் படிந்து, ஃபேஜ் ஒட்டாமல் தடுத்துவிடுவது ஒரு காரணம் எனக் கண்டனர். தவிர, ஒவ்வொரு ஃபேஜும் குறிப்பிட்ட வகைப் பாக்டீரியாவை மட்டுமே தாக்கும். ஆகவே 'ஃபேஜ் மருந்து' என்று சொல்லி எவரேனும் புட்டி விற்க வந்தால், கால்நடை மருத்துவரைக் கேட்காமல் வாங்கக் கூடாது.

பாலிலிருந்தே ஒரு மருந்து, காம்புக்கு ஓர் அடைப்பு

பாலைப் புளிக்க வைக்கும் லாக்டோகாக்கஸ் என்ற நல்ல பாக்டீரியா, 'நைசின்' என்னும் பொருளைச் சுரக்கிறது. இது வேறு பல பாக்டீரியாக்களின் சுவரைத் துளைத்துக் கொல்லும். பாலாடைக்கட்டி போன்ற உணவுப் பண்டங்கள் கெடாமல் இருக்க இது பல நாடுகளில் பயன்படுகிறது. கறவைக்கு முன் காம்பைத் துடைக்கும் துணிகளில் நைசினைச் சேர்த்து வெளிநாடுகளில் விற்பனைக்குக் கொண்டு வந்துள்ளனர்.

மற்றொரு வழி பால் வற்றிய காலத்தைச் சார்ந்தது. கன்று ஈனுவதற்கு இரண்டு மாதங்கள் முன்பாகக் கறவையை நிறுத்துவது வழக்கம். அப்போது நான்கு காம்புகளிலும் நுண்ணுயிர்க்கொல்லியை ஏற்றி விடுவது மேலை நாடுகளில் நெடுங்காலம் நடைமுறையாக இருந்தது. நோய் இல்லாத மாட்டுக்கும் மருந்து போட்டதால் பாக்டீரியாக்கள் மருந்துக்குப் பழகவே அது வழி செய்தது. இப்போது ஐரோப்பிய நாடுகளில் அவ்வாறு எல்லா மாட்டுக்கும் வழக்கமாகப் போடுவதற்கு 2022 ஜனவரி முதல் அனுமதி இல்லை. நோய் உள்ள மாட்டுக்கு மட்டும் மருந்து தருகின்றனர். நோயற்ற மாட்டின் காம்புத் துளையைப் பிஸ்மத் உப்பு கலந்த பசையால் அடைத்துவிடுகின்றனர். இப்பசையில் நுண்ணுயிர்க்கொல்லி கிடையாது. வெளியிலிருந்து கிருமி நுழையாதபடி அது கதவு போல நிற்கிறது.

தடுப்பூசியும் இவ்வகையில் துணை செய்கிறது. ஸ்டெஃபைலோகாக்கஸ், ஈ.கோலை ஆகியவற்றுக்கு எதிரான மடிநோய்த் தடுப்பூசிகள் சில நாடுகளில் பயன்பாட்டில் உள்ளன. அவை நோயை முழுவதும் தடுப்பதில்லை. நோயின் கடுமையைக் குறைக்கின்றன.

மருந்தைக் குறைத்தால் உற்பத்தி விழுமா?

இந்தக் கேள்வி எழுவது இயற்கை. நார்வே நாட்டின் மீன் வளர்ப்போர் இதற்கு விடை தந்துள்ளனர். 1987-ல் அங்குச் சால்மன் மீன் பண்ணைகளில் ஏறக்குறைய 50 டன் நுண்ணுயிர்க்கொல்லி கொட்டப்பட்டது. பின்னர் மீன்களுக்கு நல்ல தடுப்பூசிகள் வந்தன. பண்ணைகளுக்கு இடையே போதிய இடைவெளி விட்டனர். சில ஆண்டுகளில் மருந்தின் பயன்பாடு மிகச் சிறு அளவுக்கு இறங்கியது. மீன் உற்பத்தியோ பல மடங்கு பெருகியது.

நெதர்லாந்து நாட்டில் கால்நடைகளுக்கு விற்ற நுண்ணுயிர்க்கொல்லியின் அளவை 2009-க்கும் 2020-க்கும் இடையில் சுமார் 70 சதவீதம் குறைத்தனர். பால் தொழில் அதனால் அழிந்துவிடவில்லை. அமெரிக்க, கனடா நாட்டுப் பண்ணைகளில் மற்றோர் ஆய்வு நடந்து 2011-ல் வெளியானது. சாதாரண மடிநோய் கண்ட மாடுகளின் பாலை முதலில் சோதித்து, தேவையானவற்றுக்கு மட்டும் மருந்து ஏற்றினர். மருந்தின் பயன்பாடு ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. மாடுகள் குணமாவதில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. ஈ.கோலையால் வரும் லேசான நோயில், மாட்டின் உடலே பல வேளைகளில் கிருமியைத் துரத்திவிடுகிறது என்பதே இதன் பின்னணி.

இவற்றிலிருந்து ஒரு பாடம் தெளிவாகிறது. இன்னும் வலுவான மருந்தைத் தேடி ஓடுவது புதிய வழியின் சாரமன்று. நோய் வராமல் காத்து, வந்தால் இன்ன கிருமி என்று தெரிந்து, தேவைப்படும் மாட்டுக்கு மட்டும் சரியான மருந்தை முழு அளவில் தருவதே சாரமாகும்.

கற்றாழை, மஞ்சள், சுண்ணாம்பு

இவ்வழியில் தமிழ்நாட்டின் பங்களிப்பும் குறிப்பிடத்தக்கது. தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம், மரபு வழி மூலிகை மருத்துவ முறைகளைத் தொகுத்து ஆராய்ந்து வந்துள்ளது. தேசிய பால்வள வாரியம் அவற்றைப் பல மாநிலங்களில் பால் உற்பத்தியாளரிடையே பரப்பி வருகிறது. மடிநோய்க்கான முறை எளிமையானது.

சோற்றுக் கற்றாழை 250 கிராம், மஞ்சள் பொடி 50 கிராம், வெற்றிலைக்குப் போடும் சுண்ணாம்பு 10 முதல் 15 கிராம் எடுத்துக் கொள்ள வேண்டும். மூன்றையும் சேர்த்து அரைத்தால் செந்நிறக் களிம்பு கிடைக்கும். மாட்டின் மடியைக் கழுவிப் பாலை முழுவதும் கறந்து எடுத்துவிட வேண்டும். களிம்பில் ஒரு கைப்பிடி எடுத்து, 150 முதல் 200 மில்லி லிட்டர் தண்ணீரில் கரைத்து மடி முழுவதும் பூச வேண்டும். நாள் ஒன்றுக்குப் பத்து முறையாக ஐந்து நாட்கள் பூசுவது பரிந்துரை. தினமும் புதிதாக அரைத்துக் கொள்வது நலம். மறுபடி கறக்கும் முன் மடியை நன்றாகக் கழுவிவிட வேண்டும். களிம்பைக் காம்புத் துளைக்குள் செலுத்தக் கூடாது.

நோயின் தொடக்க நிலையிலும், லேசான நோயிலும் இம்முறையைக் கையாளலாம். மாடு தீவனம் எடுக்காமல் நின்றாலோ, காய்ச்சல் கண்டாலோ, மடி கல் போல இறுகினாலோ, குளிர்ந்து நீலம் பாரித்தாலோ, பாலில் இரத்தமோ சீழோ வந்தாலோ காத்திருக்கலாகாது. அன்றே கால்நடை மருத்துவரிடம் காட்ட வேண்டும். 1962 என்ற எண்ணில் நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தியையும் அழைக்கலாம். இத்தகைய மாட்டுக்கு நுண்ணுயிர்க்கொல்லி உயிர் காக்கும் மருந்து. அது அந்த நேரத்தில் பலிக்க வேண்டும் என்பதற்காகத்தான் மற்ற நேரத்தில் அதைச் சேமிக்க வேண்டும் என்பது.

மறைந்திருக்கும் நோயைக் கண்டுபிடிப்பது எப்படி?

வீக்கமோ திரியோ இல்லாமல், பால் மட்டும் சிறிது சிறிதாகக் குறைந்து வரும் மடிநோயும் உண்டு. இந்த மாடு மற்ற மாடுகளுக்கு நோயைப் பரப்பிக்கொண்டே இருக்கும். இதை வீட்டிலேயே ஓரளவு கண்டறியலாம்.

அரை லிட்டர் தண்ணீரில் 15 கிராம் துணி துவைக்கும் சோப்புத் தூளைக் கரைத்து வைத்துக் கொள்ள வேண்டும். நான்கு காம்புகளின் பாலையும் நான்கு சிறு கிண்ணங்களில் தனித்தனியே சிறிதளவு பிடிக்க வேண்டும். பால் எவ்வளவோ அதே அளவு சோப்புக் கரைசலை ஊற்றி அரை நிமிடம் சுழற்றினால், நோயற்ற காம்பின் பால் நீர்க்கவே இருக்கும். நோயுற்ற காம்பின் பால் கொழகொழத்துக் கஞ்சி போலாகும். பாலில் உள்ள வெள்ளை அணுக்கள் சோப்பால் சிதைவதால் இவ்வாறு ஆகிறது. மாதம் ஒரு முறை இச்சோதனையைச் செய்யலாம். கன்று ஈன்ற முதல் சில நாட்களிலும் பால் வற்றும் தறுவாயிலும் நோய் இல்லாமலே பால் கொழகொழக்கக் கூடும் என்பதால் அப்போது இச்சோதனை பயன்படாது. சோதித்த பாலைக் கொட்டிவிட வேண்டும்.

சோதனையில் ஐயம் எழுந்தால், மருந்து போடும் முன்பே பால் மாதிரியைச் சுத்தமான ஆய்வகப் புட்டியில் எடுக்க வேண்டும். முதல் சில பீச்சுகளை விட்டுவிட்டுப் பிடிப்பது முக்கியம். மருத்துவர் மூலம் மாவட்டக் கால்நடை நோய்ப் புலனாய்வுப் பிரிவுக்கோ, கால்நடை மருத்துவப் பல்கலைக்கழக மையத்துக்கோ அனுப்பலாம். என்ன பாக்டீரியா, அது எந்த மருந்துக்கு அடங்கும் என்பது சில நாட்களில் தெரிந்துவிடும். மருந்து போட்ட பின் எடுத்த பாலில் கிருமி வளராமல் போகலாம். எனவே முன்னதாக எடுப்பதே பயன் தரும்.

தொழுவத்தில் செய்ய வேண்டியவை

காம்பின் நுனித் துளைதான் கிருமி நுழையும் வாசல். கறந்து முடித்தவுடன் அந்தத் துளை மூட அரை மணி முதல் இரண்டு மணி நேரம் வரை ஆகும். அந்த நேரத்தில் மாடு சாணத்திலும் சேற்றிலும் படுத்தால் கிருமி எளிதாக நுழைந்துவிடும். ஆகவே கறந்தவுடன் பசுந்தீவனம் போட்டு மாட்டை நிற்க வைக்க வேண்டும். இதற்குக் காசு செலவு இல்லை.

கறப்பவர் நகத்தை வெட்டி, கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக் கொள்ள வேண்டும். மடியைக் கழுவியபின் ஈரம் போகத் துடைப்பது அவசியம். ஒவ்வொரு மாட்டுக்கும் தனித் துணி வைக்க வேண்டும். ஒரே துணியால் எல்லா மாட்டையும் துடைத்தால் நோயை வீடு வீடாகக் கொண்டு சேர்ப்பது போலாகும். முதல் ஒன்றிரண்டு பீச்சுகளைக் கறுப்புத் துணி கட்டிய கிண்ணத்தில் பீச்சிப் பார்த்தால் திரி இருப்பது பளிச்சென்று தெரியும். தரையில் பீச்சக் கூடாது. கட்டை விரலை மடக்கிக் காம்பை நசுக்கிக் கறப்பதால் உட்புறம் காயப்படுகிறது. உள்ளங்கை முழுவதும் படப் பிடித்துக் கறப்பதே சரி. கறந்தபின் ஒவ்வொரு காம்பையும் மருத்துவர் சொல்லும் அயோடின் கரைசலில் முக்கி எடுப்பது மிகுந்த பலன் தரும்.

நோயற்ற மாடுகளை முதலில் கறந்து, நோயுற்ற மாட்டைக் கடைசியில் கறக்க வேண்டும். புதிதாக மாடு வாங்கும்போது நான்கு காம்புகளையும் சோதித்த பிறகே முன்பணம் கொடுப்பது நலம். பல முறை மருந்து ஏற்றியும் குணமாகாத மாட்டை, மருத்துவர் கருத்தைக் கேட்டு மற்ற மாடுகளிலிருந்து பிரித்துவிடுவதே மீதி மாடுகளைக் காக்கும்.

மருந்து போட்டால் கவனிக்க வேண்டியவை

மருந்துக் கடையில் கேட்டு வாங்கித் தாமே ஏற்றுவது, சென்ற முறை மிஞ்சிய மருந்தை இம்முறை போடுவது, பக்கத்து வீட்டு மாட்டுக்குப் பலித்ததை நம் மாட்டுக்கும் போடுவது ஆகிய மூன்று பழக்கங்களையும் கைவிட வேண்டும். மருத்துவர் குறித்த அளவில், குறித்த நாட்கள் வரை மருந்தைத் தர வேண்டும். இரண்டாம் நாளே பால் தெளிந்துவிட்டது என்று தாமாக நிறுத்தினால் எஞ்சிய கிருமிகள் பெருகி, நோய் திரும்பி வரலாம்.

மருந்து ஏற்றிய மாட்டின் பாலை, மருந்து அட்டையில் அச்சிட்டுள்ள நாட்கள் முடியும் வரை விற்கவோ வீட்டில் பயன்படுத்தவோ கூடாது. ஒரு காம்பில் மட்டும் ஏற்றியிருந்தாலும் நான்கு காம்பின் பாலுக்கும் இது பொருந்தும். காய்ச்சினாலும் பெரும்பாலான மருந்துகள் பாலைவிட்டுப் போவதில்லை. அத்தகைய பால் கலந்தால் உறை ஊற்றியும் தயிர் சரியாக உறையாது. சங்கத்தின் பெரிய கலத்தில் ஒருவர் ஊற்றும் அந்தப் பால், ஊரார் பால் முழுவதையும் கெடுத்துவிடும்.

வீணாகிறதே என்று அந்தப் பாலைக் கன்றுக்குக் கொடுப்பது பலரிடம் உள்ள வழக்கம். இது தவறு. பாலில் உள்ள சிறிதளவு மருந்து, கன்றின் குடலில் இருக்கும் பாக்டீரியாக்களுக்கு மருந்தைத் தாங்கப் பயிற்சி கொடுத்துவிடும். நாளை அந்தக் கன்றுக்குக் கழிச்சல் வந்தால் மருந்து வேலை செய்யாமல் போகலாம். கறவை மாடுகளுக்கும் கிணற்றுக்கும் எட்டாத இடத்தில் குழி தோண்டி, அந்தப் பாலை ஊற்றி மண் தள்ளுவதே நலம்.

சில நாள் பால் போவது சிறு குடும்பத்துக்கு நட்டம்தான். அந்த நட்டம் நேராமல் இருக்க ஒரே வழி, மருந்து தேவைப்படாதபடி மாட்டைக் காப்பது. கை கழுவுவதும், தனித் துணி வைப்பதும், கறந்ததும் தீவனம் போட்டு நிற்க வைப்பதும், மாதம் ஒரு முறை சோப்புக் கரைசலில் பாலைச் சோதிப்பதும் எந்தச் சிறு விவசாயியாலும் இயலும். இன்று மாலைக் கறவையிலிருந்தே இவற்றைத் தொடங்கலாம். மடி நலமாக இருக்கும். அவசரத்துக்குப் போடும் மருந்தும், மாட்டுக்கானாலும் மனிதருக்கானாலும், தன் வேலையைச் செய்யும்.